துடைத்தலின் சரித்திரம்

1

காமிரா லென்ஸ்கள் அழுக்கினால் கெட்டதைவிடத் துடைத்ததனால் கெட்டதே அதிகம் என்று தோன்றுகிறது. பழைய லென்ஸ்களை வாங்கி விற்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். லென்ஸைக் கையில் கொடுத்தால் அவர்கள் முதலில் படம் எடுத்துப் பார்ப்பதில்லை. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து முன்கண்ணாடியின் மேற்பரப்பைப் பார்க்கிறார்கள். மயிரிழை போன்ற கோடுகள் வட்ட வட்டமாக ஓடியிருந்தால் விலை இறங்கிவிடுகிறது. அந்தக் கோடுகளைத் தூசு தானாகப் போடவில்லை. தூசு தானாக நகராது. ஒரு கை அதை நகர்த்தியிருக்கிறது. அதுவும் அக்கறையுள்ள கை. அலட்சியமாக வைத்திருந்தவனின் லென்ஸில் தூசு மட்டும்தான் இருக்கும். அதை ஊதிவிடலாம்.

நமது பௌதிகப் பாடப் புத்தகங்களில் லென்ஸ் என்பது இரண்டு வளைகோடுகள். ஒளி நுழைகிறது, வளைகிறது, குவிகிறது. கலை பற்றி எழுதுகிற நாமும் 'காமிராவின் பார்வை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பார்வை ஒரு திடப்பொருளின் வழியே நடக்கிறது, அந்தப் பொருளுக்குத் தோல் உண்டு, அந்தத் தோலில் காற்றின் ஈரமும் கடலின் உப்பும் விரலின் எண்ணெயும் படிகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே சொல்ல வருவது அந்தத் தோலின் சரித்திரத்தை. அதைச் சுத்தம் செய்யப்போய் மனிதர்கள் விளைவித்துக்கொண்ட சேதங்களும், அவற்றிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டதும் இந்தச் சரித்திரத்தில் பெரும்பகுதி.

2

காமிராவுக்கு முன்பே இந்தப் பிரச்னை தொலைநோக்கியில் ஆரம்பித்துவிட்டது. வில்லியம் ஹெர்ஷல் 1789இல் இங்கிலாந்தின் ஸ்லௌவில் நாற்பது அடி நீளத் தொலைநோக்கியை நிறுத்தியபோது அதன் ஆடி கண்ணாடியால் ஆனதல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோக வட்டு; குறுக்களவு நான்கு அடி. புதிதாக மெருகேற்றியபோது அது பளிச்சென்றிருக்கும். இங்கிலாந்தின் ஈரக் காற்றில் சீக்கிரமே மங்கிப்போகும். மங்கினால் திரும்பவும் மெருகேற்ற வேண்டும்.

இந்த மெருகேற்றல் பாத்திரம் துலக்குகிற காரியம் அல்ல. ஆடியின் வளைவு ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னத்துக்குள் சரியாக இருந்தால்தான் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும். மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறபோதே வளைவும் தேய்கிறது. உலோக ஆடியில் நிறமும் வடிவமும் ஒரே பொருள். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைத் தொட முடியாது. ஆகவே ஒவ்வொரு சுத்தமும் ஒரு மறுபடைப்பு. ஹெர்ஷல் தாமே ஆடி வார்த்து, தாமே தேய்த்து, தாமே பார்த்தவர். அவரால் அது முடிந்தது.

மெல்போர்னில் முடியவில்லை. டப்ளினைச் சேர்ந்த தாமஸ் க்ரப் செய்த நான்கு அடி ஆடித் தொலைநோக்கி 1869இல் ஆஸ்திரேலியாவில் வேலை செய்ய ஆரம்பித்தது. உலோக ஆடிகள் கப்பல் பயணத்தில் கறுத்துவிடக்கூடாது என்று அவற்றின் மேல் அரக்குப் பூச்சு பூசி அனுப்பியிருந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பூச்சை நீக்கியதில் மேற்பரப்பு பழுதுபட்டது. அதைத் திரும்பவும் மெருகேற்றத் தெரிந்த கைகள் ஐரோப்பாவில் இருந்தன, தொலைநோக்கியோ உலகத்தின் மறுகோடியில் இருந்தது. எதிர்பார்த்த வேலையை அது செய்யவே இல்லை. பிற்பாடு அமெரிக்காவின் ரிட்சி இந்தத் தோல்வியை வானியல் கருவிகளின் சரித்திரத்தில் நேர்ந்த பெரும் விபத்துகளில் ஒன்றாகச் சொன்னார். பெரிய ஆடித் தொலைநோக்கிகள் மீதே ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்பது அவர் எண்ணம். பாதுகாக்கப் போட்ட பூச்சும் அதை நீக்கிய சுத்தமும் சேர்ந்து செய்த காரியம் இது.

இதில் ஒரு விசித்திரம். மெல்போர்னுக்கு ஆடி கிளம்புவதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பே விடை கிடைத்திருந்தது. 1856-57இல் ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் கண்ணாடியை வளைவாகத் தேய்த்து, அதன் மேல் ரசாயன முறையில் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். வெள்ளி கறுத்தால் அமிலத்தில் கரைத்துவிட்டுப் புதிதாகப் படியவைக்கலாம். அடியில் இருக்கும் வளைவை யாரும் தொட வேண்டாம். அழுக்காவதற்கென்று ஒரு மேற்பரப்பு, மாறாமல் இருப்பதற்கென்று ஒரு வடிவம் என்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள். இந்தப் பிரிவினை வந்த பிறகுதான் சுத்தம் என்பது ஆபத்தில்லாத வேலை ஆயிற்று. எந்த அடுக்கைத் தொடுகிறோம் என்று தெரிந்து தொடுவது அப்போதுதான் சாத்தியமாயிற்று.

3

இனி வருகிறவர் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான மனிதர். ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர், பிறப்பு 1862. இங்கிலாந்தில் யார்க் நகரத்து குக் கம்பெனியில் ஒளியியல் வேலைக்குப் பொறுப்பாளர். 1893இல் அவர் காப்புரிமை பெற்ற மூன்று கண்ணாடி லென்ஸ் அமைப்புதான் பின்னால் ஆயிரக்கணக்கான காமிராக்களில் ஏறிய 'குக் ட்ரிப்ளெட்'. அதற்கு முன்பே, மூன்று கண்ணாடிகளால் ஆன தொலைநோக்கி லென்ஸ் ஒன்றையும் அவர் வடிவமைத்திருந்தார். கண்ணுக்கும் போட்டோத் தகட்டுக்கும் ஒரே இடத்தில் குவியக்கூடியது அது. அந்த வகையில் 30 சென்டிமீட்டர் லென்ஸ் ஒன்று நம் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் இருக்கிறது. 1904இல் அங்கே தொடங்கிய சூரியப் படங்களின் நீண்ட வரிசையில் பெரும்பகுதி அதன் வழியே வந்த ஒளியால் ஆனது.

பழைய தொலைநோக்கி லென்ஸ்கள் பழுதுபார்க்க டெய்லரிடம் வரும். ஃப்ளிண்ட் கண்ணாடிகள் சில வருஷங்களில் நிறம் மாறிவிடும். மேலே நீலமோ ஊதாவோ பழுப்போ ஓடிய ஒரு சாயல். சொந்தக்காரர்கள் கவலைப்பட்டு, மெருகேற்றித் தரும்படி கேட்பார்கள். 1890களின் தொடக்கத்தில் டெய்லர் ஒன்றைக் கவனித்தார். அந்தச் சாயல் ஏறிய கண்ணாடி, புதிதாக மெருகேற்றிய கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது. கறை என்று எல்லோரும் வருந்தியது உதவி செய்துகொண்டிருந்தது. அவர் வானியலாளர்களுக்கு இதையே எழுதினார்: கவலை வேண்டாம், இந்தக் கறை நல்லது.

1886இல் ராலே பிரபுவும் இதன் ஒரு பகுதியைக் கண்டிருந்தார். கண்ணாடியில் ஒளி பிரதிபலிக்கிற அளவை அளந்துகொண்டிருந்த அவருக்கு, நாட்பட்ட மேற்பரப்புகள் சூத்திரம் சொல்கிற அளவுக்குப் பிரதிபலிக்கவில்லை என்று தெரிந்தது. மெருகேற்றிப் புதிதாக்கினால் சூத்திரத்துக்கு ஒத்துவந்தது. ராலேக்கு அது அளவையில் ஒரு சிக்கல். டெய்லருக்கு அது ஒரு சாத்தியம். ஒரே உண்மையை ஒரு விஞ்ஞானியும் ஒரு கைவினைஞனும் இரண்டு விதமாகப் பார்த்தார்கள்.

காரணத்தை இப்படிச் சொல்லலாம். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போதும் அப்படியே. ஈரக் காற்று பல வருஷங்களில் கண்ணாடியின் மேல்தோலிலிருந்து கரையக்கூடிய பொருள்களை இழுத்துவிடுகிறது. எஞ்சுவது சிலிக்கா மிகுந்த ஒரு மெல்லிய அடுக்கு. அதன் ஒளிவிலகல் காற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும். இப்போது இரண்டு பிரதிபலிப்புகள்: அடுக்கின் மேல்பக்கத்திலிருந்து ஒன்று, அடிப்பக்கத்திலிருந்து ஒன்று. அடுக்கின் தடிமன் அலைநீளத்தில் கால்பங்காக அமைந்துவிட்டால் இரண்டும் எதிர்எதிராக அலைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திரும்பிப்போக வேண்டிய ஒளி முன்னால் போகிறது.

1904இல் டெய்லர் இந்தக் கறையை அமிலங்களால் செயற்கையாக உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. காலம் நிதானமாகச் செய்ததை அவசரத்தில் செய்ய முடியவில்லை. முறை பரவவில்லை.

4

அந்த முப்பது வருஷ இடைவெளியின் விலையை லென்ஸ் வடிவமைப்பே கொடுத்தது. 1896இல் ஜெய்ஸ் கம்பெனியின் பவுல் ருடால்ஃப் ப்ளானார் என்ற லென்ஸை வடித்தார். ஆறு கண்ணாடிகள், காற்றைத் தொடும் மேற்பரப்புகள் எட்டு. மேற்பரப்புக்கு 4 சதவீதம் வீதம் கணக்கிட்டால் நூற்றில் 72 பங்கு ஒளிதான் மறுபுறம் போய்ச் சேரும். போனது தொலைந்தாலும் பரவாயில்லை. திரும்பிய ஒளி கண்ணாடிகளுக்கு நடுவே அலைந்து, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திரையாக விழுந்தது. கணக்கில் சிறந்த லென்ஸ் படத்தில் மங்கியது. 1902இல் அதே ருடால்ஃப் ஆறே மேற்பரப்புகள் கொண்ட டெஸ்ஸாரைச் செய்தார். உலகம் அதைத்தான் வாங்கிற்று. ப்ளானார் நாற்பது வருஷங்களுக்கு மேல் காத்திருந்தது, ஒரு கறைக்காக.

1935இல் ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஒரு பொருளை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மன் ராணுவம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. 1936இல் அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ராங் தனியாக அதே இடத்துக்கு வந்தார். தொலைநோக்கி ஆடிகளில் வெள்ளிக்குப் பதிலாக அலுமினியத்தைப் படியவைக்கும் வழியை வகுத்தவரும் அவரே. ஆடிக்கு அதிகமாகப் பிரதிபலிக்கும் தோலையும் லென்ஸுக்குக் குறைவாகப் பிரதிபலிக்கும் தோலையும் ஒரே மனிதர் ஒரே விதமான கலத்தில் உண்டாக்கினார். 1938 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தின் காதரின் ப்ளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள 44 படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்துப் பிரதிபலிக்காத கண்ணாடி செய்ததை அறிவித்தார். அழகான காரியம், ஆனால் விரலால் துடைத்தால் போய்விடும்.

துடைத்தால் போய்விடும் என்பதே இனி முக்கியப் பிரச்னை. மக்னீசியம் ஃப்ளோரைடைச் சூடான கண்ணாடியின் மேல் படியவைத்துக் கெட்டிப்படுத்தும் முறை இரண்டாம் உலகப் போரையொட்டி வந்தது. அந்தப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் வந்த லென்ஸ்கள் பலவற்றில் பூச்சும் மிருது, சிலவற்றில் முன்கண்ணாடியுமே மிருது. அவற்றில் பெரும்பாலானவை இன்று வட்டக் கோடுகளோடுதான் கிடைக்கின்றன. சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கண்ணாடியில் நீலச் சாயல் இருக்கிறது, அது அழுக்காக இருக்கும். டெய்லர் கறை என்று கண்டதையே தொழிற்சாலைகள் வேண்டுமென்று பூசி அனுப்பின. மனிதர்கள் அதை மறுபடியும் கறை என்று எண்ணித் தேய்த்தார்கள்.

1971இல் பென்டாக்ஸ் ஏழு அடுக்குப் பூச்சுள்ள லென்ஸ்களை விற்றது. இன்றைய பூச்சுகள் இன்னும் கெட்டி. சிலவற்றில் எண்ணெயும் நீரும் ஒட்டுவதே இல்லை. இருந்தாலும் ஒரு கணக்கு மாறவில்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு. தெருத் தூசில் குவார்ட்ஸ் இல்லாத தூசு அபூர்வம். லென்ஸைக் கீறுவது துணி அல்ல. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அகப்பட்ட மணல்துகள். துணி எவ்வளவு மெத்தென்றிருந்தாலும் அது உப்புத்தாளின் முதுகாக மட்டுமே வேலை செய்கிறது.

5

வங்கியில் நாள் முழுதும் ஊர்க் கைகள் பட்ட நோட்டுகளை எண்ணுகிற உத்யோகம் எனக்கு. அழுக்கு நோட்டும் செல்லாத நோட்டும் வேறு என்பது அங்கே முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். லென்ஸிலும் படிவதெல்லாம் ஒரே ஜாதி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

உலர்ந்த தூசு முதலாவது. முன்கண்ணாடியில் இருக்கும் நாலைந்து துகள்கள் படத்தில் தெரிவதில்லை. அவை குவியும் இடத்துக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. சூரியனுக்கு நேரே, துவாரத்தை மிகச் சிறியதாக்கி எடுத்தால் ஒழிய அவற்றால் தீங்கு சொற்பம். ஆகவே தூசுக்கு முதல் வைத்தியம் சும்மா இருப்பது. இரண்டாவது, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர்க் குமிழால் காற்றை ஊதுவது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்றிலோ உள்ளிருக்கும் திரவமே சில சமயம் பீச்சிக்கொண்டு வந்து கண்ணாடியில் உறைந்துவிடும். மூன்றாவது, எண்ணெய் படாத மெல்லிய மயிர்த் தூரிகை. இவை மூன்றும் முடிந்த பிறகுதான் காகிதமோ துணியோ.

கைரேகை வேறு ஜாதி. அதை விட்டுவைக்கக் கூடாது. தோலின் எண்ணெயும் வியர்வையும் நாட்பட்டால் பூச்சையே அரிக்கும். தூசை ஊதிப் போக்கிய பிறகு, லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, மையத்திலிருந்து விளிம்புக்கு, அழுத்தாமல் துடைக்க வேண்டும். சொட்டைக் கண்ணாடியின் மேல் நேராக விடக்கூடாது. விளிம்பு வழியே உள்ளே இறங்கும். பழைய லென்ஸ்களில் கண்ணாடிகளை ஒட்டியிருப்பது கனடா பால்சம் என்ற மரப்பிசின். ஆல்கஹால் அதை இளக்கும். முகப்பைச் சுத்தம் செய்யப்போய் உள்ஒட்டைப் பிரித்துவிட்ட கதை அப்படித்தான் நடக்கிறது.

கடற்கரையில் படிவது உப்பு. காய்ந்த உப்பைத் தேய்க்கக்கூடாது. ஈரமான காகிதத்தை மேலே வைத்து முதலில் கரையவிட வேண்டும்.

நான்காவது, நம் சீதோஷ்ணத்துக்கே உரிய பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளுக்குப் போன தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் சில காலத்திலேயே உள்ளே வலை படர்ந்து பயனற்றுப்போயின. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் டர்னரும் அவர் சகாக்களும் அதை ஆராய்ந்து, கருவிக்குள் பாதரசம் கலந்த ஒரு பூஞ்சைக்கொல்லியை வைப்பதைப் பரிந்துரைத்தார்கள். ஒரு காலத்தில் ஆடியைத் துலக்கப்போய்த் தோற்ற அதே ஊர் என்பது தற்செயல். பூஞ்சைக்குத் துடைப்பு மருந்தாகாது. அது உமிழும் அமிலம் கண்ணாடியில் பதிந்த பிறகு, வலையை நீக்கினாலும் அதன் வடு நிற்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுகிற நம் ஊர்களில் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரிக்குள் பூட்டிவைப்பதே பூஞ்சைக்கு இடும் விருந்து. காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அவ்வப்போது வெளிச்சத்தில் எடுத்துப் பயன்படுத்துவது: இவ்வளவே வழி.

தூசைப் பொறுத்துக்கொள், ரேகையை உடனே நீக்கு, உப்பைக் கரை, பூஞ்சையை வரவிடாதே, நீலச் சாயலைத் தொடாதே. நூற்றைம்பது வருஷ அநுபவம் இந்த ஐந்து வாக்கியங்களில் அடங்கிவிடும். ஐந்தும் ஐந்து விதமான செயல்கள் என்பதுதான் விஷயம். 'சுத்தம்' என்ற ஒரே சொல்லில் இவற்றை அடைத்துவிட்டால் லென்ஸ் போய்விடும்.

6

லென்ஸ் போனால் வேறு லென்ஸ் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

1937-38இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், செல்வந்தர் டுவீன் கட்டிக்கொடுத்த புதிய கூடத்துக்காக, ஏதென்ஸின் பார்த்தினான் சிற்பங்களைத் தாமிரக் கருவிகளாலும் கார்பொரண்டத்தாலும் சுரண்டினார்கள். மேலே இருந்த பழுப்பு நிறம் அழுக்கு என்பது அவர்கள் முடிவு. கிரேக்கச் சலவைக்கல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. போனது இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் அந்தக் கல்லில் சேர்ந்திருந்த தோல். அதைத் திரும்பப் படியவைக்க எந்த வெற்றிடக் கலமும் கிடையாது.

நம்மிடம் வருவோம். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோகிராபராக இருந்தபோது, தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கல்லின் எழுத்தைக் கண்ணாடி வாசித்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. நூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து, வேறு பல தமிழ்நாட்டுக் கோயில்களில், குடமுழுக்குக்கு முன் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்க, கற்சுவர்களின் மேல் அழுத்தக் காற்றால் மணலை வீசினார்கள். லென்ஸைக் கீறுகிற அதே குவார்ட்ஸ். இங்கே அதையே சுத்தம் செய்யும் கருவி ஆக்கினார்கள். பிசுக்கோடு கல்வெட்டு எழுத்தின் விளிம்புகளும் போயின. கல்வெட்டு அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். செய்தவர்களின் பக்தியில் சந்தேகம் இல்லை. லென்ஸைத் தேய்த்தவர்களின் அக்கறையிலும் நமக்குச் சந்தேகம் இல்லை.

நாம் விமர்சனம் என்று செய்துகொண்டிருப்பதும் ஒரு வகையில் துடைப்புதான். ஒரு பழைய பிரதியின் மேல் படிந்த உரைகளை, புகழுரைகளை, பாடபேதங்களை நீக்கி 'மூலத்தை'ப் பார்க்க விரும்புகிறோம். மொழியிலிருந்து அந்நியச் சொற்களைத் துடைத்தெடுக்க விரும்பியவர்களும் நம்மிடையே உண்டு. நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைரேகையை விட்டுவைத்தால் அது அரிக்கும், புகழுரையும் அப்படித்தான். ஆனால் நீக்குகிறவன் கருவியை எடுக்குமுன் டெய்லர் கேட்ட கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: இந்தப் படிவு இருக்கும்போது ஒளி அதிகமாகப் போகிறதா, குறைவாகப் போகிறதா? பரிமேலழகர் உரையைக் குறளின் மேல் படிந்த கறை என்கிறவரும், அது இல்லாமல் குறளே இல்லை என்கிறவரும், இந்த அளவையைச் செய்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஒருவர் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். மற்றவர் வயதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்.

டெய்லர் இரண்டையும் பார்க்கவில்லை. கறை ஏறிய கண்ணாடியையும் ஏறாத கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதன் வழியே அதிகம் தெரிகிறது என்று பார்த்தார். பிறகு மெருகேற்றும் பணத்தை எதிர்பார்த்திருந்த ஒரு கம்பெனியின் பொறுப்பாளர், வாடிக்கைக்காரர்களிடம் லென்ஸை அப்படியே விட்டுவிடும்படி சொன்னார்.